அண்ணன் சீராகக் கொடுத்த செங்கல்

ஒருத்தர் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தால் போதும், தெருவில் போகிறவர்கூட நின்று யோசனை சொல்லிவிட்டுத்தான் போவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சரவணம்பட்டிப் பக்கம் நாங்கள் வாங்கியிருந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டியபோது எனக்கு அப்படித்தான் ஆயிற்று. என் வீட்டுக்காரருக்கு கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. கட்டட வேலையை நின்று பார்க்க வேண்டியது நான்தான். ஆகவே யோசனைகள் எல்லாம் என் தலையில்தான் வந்து இறங்கின.

அதில் முக்கால்வாசி செங்கலைப் பற்றியது. எதிர் வீட்டுக்காரர் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டுங்கள், வேலை சீக்கிரம் முடியும் என்றார். அப்படிக் கட்டிய அவர் வீட்டுக்குள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவள் நான். சித்திரை மாத வெக்கையில் அவர்களே பாயை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். சாம்பலில் செய்த கல் புதிதாக வருகிறது என்று இன்னொருத்தர் சொன்னார். அதை வீட்டில் வந்து சொன்னேன். மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சாம்பலில் வீடு கட்டினால் அதில் குடியிருக்கப் போவது யார் என்று கேட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மிஞ்சியது இரண்டு. ஒன்று, ஊர்ச் சூளையில் விறகு போட்டுச் சுடுகிற நாட்டுக்கல். ஒரு கல் வளைந்திருக்கும், அடுத்தது கருகியிருக்கும், பூசும்போது சிமெண்டைக் குடித்தே தீர்த்துவிடும். மற்றது, தடாகம் பக்கத்தில் சேம்பர் என்று சொல்கிற பெரிய சூளைகளில் சுடுகிற சேம்பர் கல். எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. நடுவில் ஒரு பள்ளம், அதில் கம்பெனியின் எழுத்து. இரண்டு கல்லை மோதினால் வெண்கலக் கிண்ணம் மாதிரி சத்தம் வரும். எங்கள் இஞ்சினியர் அதைத்தான் வாங்கச் சொன்னார். நானும் அதையே மனதில் வைத்திருந்தேன்.

அப்போதுதான் அன்னூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து அண்ணன் வந்தார். என்னுடன் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அப்பா அம்மா போன பிறகு, எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர்தான். அஸ்திவாரக் குழியைச் சுற்றி வந்து பார்த்தார், மோர் வாங்கிக் குடித்தார், போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார்.

"கல்லுக்கு நீ அலையாத அம்மணி. கல்லு பூராவும் என்ற சீருன்னு வெச்சுக்க. தடாகத்துச் சேம்பர் கல்லா எறக்கிப்போடறேன்."

எங்கள் பக்கம் தங்கை வீடு கட்டினால் அண்ணன் சீர் செய்வது வழக்கம்தான். வாசல் நிலைக்கு மரம் வாங்கித் தருவார்கள், இல்லையென்றால் பட்டும் பாத்திரமுமாகத் தட்டு வைப்பார்கள். வீட்டுக் கல் முழுவதையும் சீராகக் கொடுத்த அண்ணனை நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்திருக்கும்.

அவரை நம்பியதற்கு அது மட்டும் காரணம் இல்லை. அப்பா கண்ணை மூடுவதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து, மேற்குக் காடு எனக்கு என்று சொல்லியிருந்தார். வானம் பார்த்த பூமிதான். ஆனாலும் என் இரண்டு மகள்களின் கல்யாணத்துக்கு அதுதான் என்று நானும் வீட்டுக்காரரும் பேசி வைத்திருந்தோம். எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடப் பிறந்தவரிடம் போய் எழுதிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அண்ணனே உழுது கடலை போட்டார். வருஷம் தவறாமல் ஒரு மூட்டை கடலை என் வீட்டில் வந்து இறங்கும். "உன்ற காட்டுக் கடலை, கண்ணு" என்பார்.

கல் லாரியில் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளத்தில் எழுத்து இல்லை. கேட்டதற்கு, சேம்பரில் அச்சு மாற்றுகிறார்கள் என்றார் அண்ணன். நான் நம்பினேன். இஞ்சினியர் நம்பவில்லை. இரண்டு கல்லை எடுத்து மோதிப் பார்க்கப் போனார். நாலு கல்லை வாளித் தண்ணீரில் ரெண்டு நாள் ஊறப் போட்டு உடைத்துப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, அண்ணன் குடுத்த சீரை ஆராச்சும் தட்டிப் பாப்பாங்களாங்க?"

சீர்த் தட்டில் வரும் தேங்காயைக்கூட எங்கள் பக்கம் யாரும் காதோரம் ஆட்டிப் பார்க்க மாட்டார்கள். கண்ணில் ஒற்றி உள்ளே கொண்டு போய் வைப்பதுதான் மரியாதை. இஞ்சினியருக்கும் அக்கா தங்கச்சி இருந்திருக்க வேண்டும்; கல்லைக் கீழே வைத்துவிட்டார். கொத்தனார்கள் குழாய்த் தண்ணீரை மேலாக அடித்து நனைத்து, கட்டிக்கொண்டே போனார்கள்.

பால் காய்ச்சும் அன்று அண்ணனை முதலில் உட்கார வைத்து மாலை போட்டோம். வந்தவர்களெல்லாம் சுவரைத் தொட்டுப் பார்த்து, இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பார் என்றார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பட்டென்று ஒரு சத்தம். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுவர்ப் பூச்சு தெறித்து மடியில் விழுந்தது. விழுந்த இடத்தில் வெள்ளையாக மாவு. மறுநாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் சமையலறையில். கார்த்திகை வருவதற்குள் ஹால் சுவர் அம்மை வடு விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது.

இஞ்சினியர் வந்து கத்தியால் நோண்டிப் பார்த்தார். செங்கல் அறுத்த மண்ணில் சுக்கான் கல் இருந்திருக்கிறது. அது சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, இப்போது ஈரம் பட்டதும் ஊதி வெடிக்கிறது என்றார். தோண்டி எடுத்துப் பூசலாம், ஆனால் உள்ளே இன்னும் எத்தனை இருக்கிறதோ என்றார். நான் அன்று பேசியதை அவர் நினைவுபடுத்தவில்லை. அதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சுக்கான் எனக்குத் தெரிந்த கல்தான். மேற்குக் காட்டில் ஏர் ஓட்டினால் மண்ணுக்குள்ளிருந்து அந்த வெள்ளைக் கல்தான் கிளம்பும். அதைப் பொறுக்கி வரப்பில் போடுவதுதான் சின்ன வயதில் என் வேலை. அன்னூர்ப் பக்கம் சுக்கான் இல்லாத காடு ஏது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பஸ் ஏறிப் போனேன். ஊருக்குள் போகாமல் நேராக மேற்கே நடந்தேன்.

காடு இல்லை. ஆள் இறங்கினால் தலை தெரியாத அளவுக்குப் பள்ளம். நடுவில் இருந்த வெள்ளவேலாமரத்தை மட்டும் வெட்டாமல், அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணை விட்டிருந்தார்கள். அது மண் திட்டின் மேல் வேர் வெளியே தொங்க நின்றது. பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு மூலையில் சூளை, அதன் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கல் கொண்டுவந்த அதே லாரி. கீழே கிடந்த கல் ஒன்றை எடுத்து, அதன் நடுப் பள்ளத்தைத் திருப்பிப் பார்த்தேன். பள்ளத்தில் எழுத்து இல்லை.

யாரோ போய்ச் சொல்லி அண்ணன் வந்தார். சூளை அவருடையது, லாரியும் அவருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. "ஏனுங்ணா, இது என்ற காடு இல்லீங்களா?" என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உன்ற மண்ணு உன்ற ஊட்டுக்குத்தானே கண்ணு வந்துருக்குது. நானா தின்னுபோட்டேன்?"

என் வீட்டுக்கு வந்தது அந்தப் பள்ளத்தில் ஒரு மூலைகூட இருக்காது. மிச்ச மண் எத்தனை பேர் வீடாகப் போயிற்றோ. காடு உன்னுடையதுதான், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றும் சொன்னார். பள்ளத்தைக் காட்டித்தான் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் கடலை ஞாபகம் வந்தது. இத்தனை ஆழம் ஒரு வருஷத்தில் தோண்டியது இல்லை. அப்படியென்றால் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வந்த கடலை எங்கே விளைந்தது? சந்தையில் வாங்கி, சாக்கில் கட்டி, உன்ற காட்டுக் கடலை என்று என் கையில் கொடுத்திருக்கிறார். மண்ணை விற்றதை ஆசை என்று விட்டுவிடலாம். இதை என்னால் இன்றுவரை விட முடியவில்லை. அந்தக் கடலையை வறுத்து, எங்கள் காட்டில் விளைந்தது என்று தெரு முழுக்கக் கொடுத்தவள் நான். முன் சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வீடு வரும்வரை அழுதேன்.

கேஸ் போடலாம் என்றார் வீட்டுக்காரர். எதை வைத்துப் போடுவது? அப்பா சொன்ன வார்த்தையைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் அண்ணன்.

பேச்சு வார்த்தை நின்றது. ஆனால் அடுத்த வருஷம் சின்ன மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் காது குத்த முடியாது. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரை அனுப்பி அழைத்தேன். அண்ணனும் அண்ணியும் சொந்தக்காரர்கள் சூழத் தட்டுகளோடு வந்தார்கள். பூ, பழம், பட்டுப்பாவாடை, தேங்காய். ஹாலில், அந்தச் சுவருக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். எல்லாரும் நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் காத்திருந்தார்கள்.

நான் ஒரு தேங்காயை எடுத்தேன். விரல் கணுவால் தட்டினேன். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"என்ன அம்மணி, சீரைத் தட்டிப் பாக்கறே?" என்றார் மெதுவாக.

"இப்பத்தானுங்ணா கத்துக்கிட்டேன்."

எல்லாத் தேங்காயையும் தட்டிப் பார்த்தேன். நல்ல முற்றல் காய்கள்தான், ஒன்றுகூடச் சொத்தை இல்லை. பிறகு மகளைத் தூக்கி அவர் மடியில் உட்கார வைத்தேன்.