பழைய உயில்

என் கணவர் இறந்து பதினேழாம் நாள், விதவைப் பென்சனுக்கு விண்ணப்பிக்கக் காகிதங்கள் தேடியபோதுதான் அந்த உயில் என் கையில் அகப்பட்டது. அகதியாக வந்த காலத்துக் கடிதங்களோடு ஒரே உறைக்குள் மடித்து வைத்திருந்தார்.

அவர் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். மாசி மாதத்து ஒரு காலையில், வேலைக்குப் போகப் பனிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தவர், வாசற்படியில் அப்படியே சாய்ந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உயில் இந்த ஊர் மொழியான பிரெஞ்சில் இருந்தது. கார்டெரியில் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்ததால் எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வரும். இரண்டு பக்கம்தான். தன் உடைமைகள் அனைத்தும் தன் மூத்த சகோதரனுக்கு என்று எழுதி, உயில், பத்திரம் எழுதும் நொத்தாரிசின் முன் கையொப்பம் இட்டிருந்தார். திகதியைப் பார்த்தேன். எங்கள் திருமணத்துக்கு இரண்டு வருடம் முந்தியது. அப்போது அவருக்கு இந்த ஊரில் அண்ணனைத் தவிர யாரும் இல்லை. எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் வந்தேன், மகள் பிறந்தாள், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் வீடு வாங்கினோம். வாங்கும்போது எனக்கு இன்னும் நிரந்தர வதிவிடம் கிடைத்திருக்கவில்லை. அதனால் வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தது.

காகிதத்தை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தகப்பனை இழந்த பிள்ளையிடம் இதையும் சொல்ல மனம் வரவில்லை.

அவருடைய அண்ணனை நானும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மனைவியை இழந்து தனியாக இருப்பவர். செத்தவீடு முடிந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார். நான் உயிலைக் கண்ட அடுத்த ஞாயிறும் வந்தார். ஒரு பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, "வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் கவனமா எடுத்து வைச்சிருக்கிறீரோ பிள்ளை?" என்று கேட்டார். அந்த உயிலை மனதில் வைத்துத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஓம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடுவதுபோல் திரும்பி நின்றேன்.

அதன் பிறகு அவர் டெலிபோனில் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. இரண்டு ஞாயிறு, வேலை இருக்கிறது என்று மகளைக்கொண்டு சொல்லுவித்தேன். முப்பத்தோராம் நாள் காரியத்தில்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருடமாக எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதரைப் பற்றி என்னென்னவோ நினைத்தேன். வீட்டை விற்கச் சொன்னால் எங்கே போவது, மகளின் படிப்பு என்னாவது என்று நாள் முழுக்க அதே யோசனை.

கார்டெரியில் என்னோடு வேலை செய்த ஹெயிட்டிக்காரப் பெண்தான் என்ன பிரச்சினை என்று என்னைக் கேட்டாள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பயந்துகொண்டிருப்பதால் என்ன பிரயோசனம், நொத்தாரிசிடம் போ என்றாள். அடுத்த நாளே விலாசம் எழுதிக்கொண்டு வந்து தந்தாள்.

நொத்தாரிசு என்னைவிட வயது குறைந்த பெண். உயிலை நிதானமாக வாசித்தார். இதுவே கடைசி உயிலாக இருந்தாலும், கணவனும் மனைவியுமாகக் குடியிருந்த வீட்டின் பெறுமதியில் பாதிக்கு மனைவிக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று முதலில் சொன்னார். அங்கேதான் எனக்குப் பாதி மூச்சு வந்தது. பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆனால் இதுதான் கடைசி என்று யார் சொன்னது?" என்று கேட்டார்.

நொத்தாரிசு முன் எழுதும் உயில்கள் எல்லாம் ஒரு பதிவேட்டில் ஏறுமாம். இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் தேடித் தருவார்களாம். கொடுத்தேன். மூன்று வாரம் காத்திருந்தேன்.

பதில் வந்தபோது நொத்தாரிசே என்னைக் கூப்பிட்டார். இன்னொரு உயில் இருந்தது. அவர் சாவதற்கு ஒரு வருடத்துக்குச் சற்று முன்னர், சென்-லோறன் பகுதியில் வேறொரு நொத்தாரிசிடம் எழுதியது. மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். போகும் வழியில், மெட்ரோவில், அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் முதலே சொல்லவில்லை என்று கோபித்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நொத்தாரிசு முதியவர். உயிலை வாசித்துக் காட்டினார். எல்லாம் மனைவிக்கு. மனைவி இல்லாவிட்டால் மகளுக்கு. நிறைவேற்றும் பொறுப்பும் எனக்கே, என்னால் முடியாவிட்டால் அண்ணனுக்கு.

என் கணவர் தன்னிடம் நான்கு முறை வந்தார் என்றார் அவர். திருமணம் முடிந்ததும் ஒருமுறை, மகள் பிறந்ததும் ஒருமுறை, வீடு வாங்கியதும் ஒருமுறை. கடைசியாக, மகளுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது, இனிப் பாதுகாவலர் தேவையில்லை என்று அந்தப் பகுதியை எடுப்பிக்க வந்தாராம். வீட்டில் இதைப் பற்றிக் கதைக்க முடியாது, மனைவிக்குப் பயம் என்றும் சொல்லியிருக்கிறார்.

அது உண்மை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் உயில் என்று வாயெடுத்தவரை, நல்லநாளும் அதுவுமாகச் சாவைப் பற்றிக் கதைக்கிறீர்கள் என்று நான் ஏசினேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பிரதியையும் வீட்டில் வைக்கவில்லை. ஹோட்டல்காரர் கொண்டுவந்து தந்த அவருடைய லாக்கர்ப் பையை அன்று பின்னேரம்தான் திறந்தேன். சமையல் சட்டைகளுக்கு அடியில் அந்தப் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துச் சிரித்தேனா அழுதேனா தெரியாது. ஆனால் அன்று படுத்தவள் அடுத்த நாள் எட்டு மணிவரை எழும்பவில்லை. அவர் போனபிறகு நான் அப்படித் தூங்கியது அதுதான் முதல்முறை.

அந்த ஞாயிறு அண்ணையின் வீட்டுக்கு நான் போனேன். பழைய உயில் கிடைத்ததையும், அவரைச் சந்தேகித்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

"உங்கடை கலியாணம் முடிஞ்ச அடுத்த கிழமையே நான்தான் அவனை அங்கை கூட்டிக்கொண்டு போனனான்," என்றார். "இனிச் சொத்து என்ரை பேருக்கு எழுதியிருக்கக்கூடாதெண்டு சொன்னனான். பேந்து அவன் தானாப் போகப் பழகிட்டான். உமக்கு எல்லாம் தெரியுமெண்டு நினைச்சுத்தான் பத்திரங்களைக் கேட்டனான்."

"நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன் அண்ணை."

"பழைய காகிதத்தைக் கண்டா ஆருக்கும் பயம் வரும்தானே," என்று எழும்பினார். "இரும், தேத்தண்ணி போடுறன்."

அதே வருடம் நானும் உயில் எழுதி, நிறைவேற்றும் பொறுப்பை அண்ணைக்குக் கொடுத்தேன். எனக்குப் புத்தி தடுமாறினால் யார் என் காரியங்களைப் பார்ப்பது என்ற பத்திரத்தையும் எழுதினேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, நடுவில் ஏதாவது நடந்தால் உடனேயே, எடுத்துப் பார்க்கிறேன். இந்த வருடம் அண்ணை தானாகவே கேட்டார், தனக்கு எழுபத்தெட்டு வயதாகிவிட்டது, பொறுப்பிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொல்லி. மகள் இப்போது ஒட்டாவாவில் வேலை செய்கிறாள். அவர் இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். அரை மணித்தியால வேலை.

நொத்தாரிசு கந்தோரிலிருந்து வெளியே வந்ததும் மகளுக்கு டெலிபோன் எடுத்து, எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். முன்பெல்லாம் இந்தக் கதையை எடுத்தால் பிரெஞ்சில் ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். இந்தமுறை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, தானும் ஒன்று எழுத வேண்டுமா என்று கேட்டாள்.