பள்ளிக்கூடத்து நுரையீரல்

பேத்தி காயத்ரிக்கு பேங்க் வேலை கிடைத்ததை இங்கே போட்டேன். முதல் லைக் கோமளா டீச்சர்.

பேரன் தினேஷ் மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் மெடல் வாங்கியதைப் போட்டேன். "நல்ல மூச்சு உள்ள பிள்ளை" என்று முதல் கமெண்ட்டும் டீச்சர்தான்.

சின்னவள் நித்யா நர்சிங் முடித்து வெள்ளைக் கோட்டோடு நின்ற போட்டோ... அதற்கும் அவர்தான் முதல்.

இன்று விடியற்காலை டீச்சர் போய்விட்டார். வேங்கிக்காலில், தங்கை மகள் சுகந்தி வீட்டில். மூச்சுத்திணறல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் திருவண்ணாமலையில் எங்களுக்குக் கறிக்கடை. வீட்டுக்காரர் வெட்டுவார், நான் நிறுப்பேன்.

கோமளா டீச்சர் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் எடுத்தவர். அவர் வீட்டில் முட்டைகூட நுழையாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கடை வாசலில் நின்றார். ஆட்டு நுரையீரல் ஒன்று வேண்டுமாம்.

டீச்சர் என்றால் எங்கள் வீட்டுக்காரருக்குத் தனி மரியாதை. நன்றாக அலசி, துண்டு துண்டாக நறுக்கி, மேலே கொஞ்சம் ஈரலும் வைத்து வாழையிலையில் கட்டிக் கொடுத்தார்.

பிரித்துப் பார்த்தவர் பதறிவிட்டார். "ஐயோ, நறுக்கிட்டீங்களே!"

"கொழம்புக்கு இதான் டீச்சரம்மா சைஸு."

"கொழம்புக்கு இல்லீங்க. பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்துலயா ஆக்குறீங்க?"

டீச்சர் தலைப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் பழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

பிள்ளைகளுக்குக் காட்ட மூச்சுக்குழாயோடு, ஒரு கீறல் விழாமல் முழுசாக வேண்டும் அவருக்கு. எங்கள் தொழிலில் அது சுலபம் இல்லை... கத்தி பழக்கத்தில் தானாகப் போய்விடும்.

அப்புறம் வருஷா வருஷம் வீட்டுக்காரர் ஒன்றைப் பதமாக எடுத்து ஓரக் கொக்கியில் மாட்டிவிடுவார். யாராவது கை நீட்டினால், "அது பள்ளிக்கூடத்து நுரையீரல், அத மட்டும் கேக்காதீங்க" என்பார்.

எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று எங்கள் தோட்டத்திலேயே பார்த்துவிட்டுத்தான் டீச்சர் எடுத்துப்போவார். பப்பாளி இலைத் தண்டை மூச்சுக்குழாயில் செருகி, சணலால் கட்டி, வீட்டுக்காரர் ஊதுவார்.

சுருங்கிக் கிடந்தது ரோஸ் கலரில் பொங்கி எழும். வாயை எடுத்தால் புஸ்ஸென்று இறங்கும். ஒருநாள் டீச்சர் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பட்டக்கா, அந்தக் குழாயை முன்பக்கமா தடவுங்க. வளையம் வளையமா கெட்டியா இருக்குதா? இப்போ பின்பக்கம் தடவுங்க."

பின்பக்கம் மெத்தென்று இருந்தது.

"பின்னாலதான் சோத்துக்குழாய் போவுது. சோறு எறங்குறதுக்கு இது வழி விட்டு நிக்குது."

தினமும் கையில் பிடித்த சாமான். நான் அப்படித் தடவிப் பார்த்ததே இல்லை.

அந்தக் குழாய் இரண்டாகப் பிரிந்து, கிளை கிளையாகச் சிறுத்துக்கொண்டே போகுமாம். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள், சோப்பு நுரை மாதிரி.

ஓட்டை விழுந்த இன்னொரு நுரையீரலில் ஒரு துண்டு நறுக்கித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. ஈரல் துண்டு போட்டார். முழுகிவிட்டது.

"அந்தப் பைக்குள்ள இன்னும் காத்து இருக்குதுக்கா. ஆடு செத்தும் முழுசா வெளிய வரல."

ஒருமுறை கேட்டேன். "நீங்களே ஊதலாமே டீச்சர்?"

"எனக்கு ஏதுக்கா அவ்ளோ மூச்சு?"

அப்போதுதான் ஆஸ்துமா என்று சொன்னார். சின்ன வயதிலிருந்தே...

"காத்து உள்ள போகலைனுதான் எல்லாரும் நெனக்கிறாங்க. உள்ள போயிடும். சின்னக் குழாயைச் சுத்தி இருக்கிற சதை இறுக்கிக்கும் பாருங்க, வெளிய விடுறதுதான் கஷ்டம்."

அவருக்கு ஒரே ஆசை. ஒரு தடவையாவது மலையை முழுசாக நடந்து சுற்றிவர வேண்டும். வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்து சுற்றுகிறார்கள், உள்ளூரில் பிறந்தவளுக்கு முடியவில்லையா என்று சொந்தக்காரர்கள் குத்திக் காட்டுவார்கள்.

எண்பதுகளில் ஒரு மாசி மாதக் காலையில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். நின்று நின்று, உட்கார்ந்து உட்கார்ந்து, அடி அண்ணாமலையைத் தாண்டி, பாதையில் இருக்கிற எட்டு லிங்கத்தில் ஆறாவதான வாயு லிங்கம் வரை வந்துவிட்டார்.

அங்கே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தோள் இரண்டும் ஏறி இறங்குகிறது, கழுத்தில் குழி விழுகிறது, உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

"காத்து... சாமிகிட்ட வந்து... எனக்குக் காத்து இல்ல பாருங்க..."

அப்போதும் சிரிப்பு. எனக்குத்தான் அழுகை.

அந்தப் பக்கம் வந்த ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தேன். மூச்சு திரும்பியதும் என் கையைப் பிடித்து, "மிச்சத்தை அடுத்த வருஷம் நடக்கலாம்க்கா" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னார்...

இன்று சாயங்காலம் ஈசானிய லிங்கத்துப் பக்கம் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். அவர் நடக்காமல் விட்ட மிச்சத்தில் அதுதான் கடைசி லிங்கம்.

வண்டியில்தான் போனார்.

சுகந்தி கண்ணு, நீ போட்டிருக்கிற படம் ஆஸ்பத்திரியில் எடுத்தது. மூக்கில் குழாய், முகமெல்லாம் வீக்கம். எல்லாரும் அதையே ஷேர் பண்ணுகிறார்கள். பார்க்க முடியவில்லை.

பீரோவில் தேடிப் பாரும்மா. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஒன்று இருக்கும்.

குழாய் இல்லாத அந்தப் படத்தைப் போடு தாயி. முதல் லைக் நான் போடுகிறேன்.