வலிக்காத கட்டி

கேரளத்தில் ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது வருஷம் நர்சாக இருந்தேன். எழுபதுகளின் முதல் பாதி முழுக்க அங்கேதான். பிரசவம் பார்ப்பது, பிள்ளைக் காப்பகத்தில் சொறி சிரங்குக்கு மருந்து தடவுவது, காலையில் ஆஸ்பத்திரி ஜன்னலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பது, எல்லாம் என் தலையில். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் ஜீப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் ஒரு கம்பவுண்டரும்தான்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உடம்பு சரியில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் ஒரு பெண் கொழுந்து பறிக்கப் போகாமல் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், படுத்திருக்கலாம். சீட்டு அதிகமாகப் போனால் ஆபீசில் என்னைக் கூப்பிட்டு ஏசுவார்கள். அதனால் ஜன்னலுக்கு வருகிறவளிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி. காய்ச்சல் இருக்கா? வலி இருக்கா? இரண்டும் இல்லையென்றால், "அப்புறம் என்னத்துக்குடி வந்தே, என் மூஞ்சியப் பார்க்கவா?" என்று விரட்டிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் நடிக்கிறாள், யாருக்கு நிஜமாகவே முடியவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்ற திமிர் வேறு.

அந்தப் பெண்களெல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் மலையாளம் தெரியும். மலைக்குக் கீழே இருந்த ஆஸ்பத்திரிகளுக்குத் தனியாகப் போகப் பயப்படுவார்கள். அங்கே கேட்பது இவர்களுக்குப் புரியாது, திருதிருவென்று விழித்தால் ஏச்சு விழும். ஆக, உடம்புக்கு ஏதாவது என்றால் அவர்களுக்கு என் ஜன்னலை விட்டால் வேறு நாதி இல்லை.

மேல் லயத்தில் ஒருத்தி இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. முப்பத்தைந்து வயசு இருக்கும். மூன்று பிள்ளைகள், கடைசி இரண்டையும் நான்தான் எடுத்தேன். கொழுந்து பறிப்பதில் அவளை முந்த ஆளில்லை. என்னோடு சரிக்குச் சரி பேசுகிற ஒரே ஆளும் அவள்தான். "நர்சம்மா, ஒங்க ஊசியவிட ஒங்க நாக்குதான் நல்லாக் குத்துது" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

ஒரு ஆனி மாத மழையில் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். குனிந்து, குரலைத் தாழ்த்தி, "மார்ல ஒரு கட்டி இருக்கும்மா. புளியங்கொட்டை தண்டி" என்றாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா. தொட்டாத்தான் தெரியுது."

"வலியில்லாத கட்டிக்கெல்லாம் சீட்டுக் கிடையாது. வலிச்சா வா. நகரு, ஆள் நிக்குது."

"சீட்டு வேண்டாம்மா. என்னன்னு பாத்தாப் போதும்."

அதற்குள் நான் அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டேன். கம்பவுண்டர் சிரித்தார். அவள் போய்விட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று சாயங்காலமே அதை நான் மறந்துவிட்டேன்.

மறு வருஷம் கோடையில் கீழேயிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களுக்கு மார்புப் புற்றுநோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காப்பகத்தில் பெண்களைக் கூட்டி, ஆண்களை வெளியேற்றிக் கதவைச் சாத்தினோம். அவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். மூன்று விரல்களைச் சேர்த்துவைத்து எப்படித் தடவிப் பார்ப்பது என்று ஒரு துணிப் பொம்மையில் அவர் காட்டியபோது, எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்து அவர் சொன்னதையும் நான் சொன்னேன்: "வலிக்கிற கட்டியவிட வலிக்காத கட்டிக்குத்தான் பயப்படணும். வலி வரட்டும்னு காத்திருக்கவே கூடாது."

சொல்லி முடிக்கும் முன்பே அந்த மழைநாள் ஞாபகம் வந்து, கண்ணால் அவளைத் தேடினேன். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் டாக்டர் பார்த்தபோது அவளைக் காணோம். லயத்துக்கு ஓடினேன். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்துக் கட்டியிருந்த துணியை மெதுவாகப் பிரித்தாள். கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. அக்குளிலும் கட்டி. இதோடுதான் தினமும் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போயிருக்கிறாள்.

"பாவி, ஏன்டி என்கிட்ட வரல?" என்று கத்தினேன்.

"வலிச்சா வான்னு சொன்னீகல்லம்மா. போன வாரம் வரைக்கும் வலிக்கல. நாலு நாளாத்தான் வலிக்குது. நாளைக்கு வரலாம்னு இருந்தேன்."

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள்தான் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பெண் டாக்டரின் ஜீப்பிலேயே அவளை மலையிறக்கிக் கூட்டிப்போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தோம். அவர்கள் கேட்டதையெல்லாம் அவளுக்குத் தமிழில் சொன்னேன். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அவர்கள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. புரட்டாசி கழியுமுன் போய்விட்டாள். கடைக்குட்டிக்கு அப்போது நாலு வயசு.

அதற்கப்புறம் லயத்துப் பெண்கள் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். "பெத்த தாய்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பு கூசியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவளுடைய புருஷன் தனியாக இருக்கிற நேரம் பார்த்துப் போய், மனசிலிருந்ததைக் கொட்டிவிட்டேன். "அவ ஆரம்பத்துலயே என்கிட்ட வந்தா. நான்தான் பார்க்காம விரட்டிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்மா. அன்னைக்கே வந்து சொல்லிச்சு. வரிசையில நின்னவளுகளும் கேட்டுக்கிட்டுத்தான நின்னாளுக? லயத்துல எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு, நீங்க கோவிச்சுக்கிட்டு வராமப் போயிட்டா நாங்க யாருகிட்டம்மா போறது? லயத்துல மூணு பேரு மாசமா இருக்காளுக. எந் தம்பி பொஞ்சாதியும் ஒருத்தி."

மறு வாரம் அந்தத் தம்பி மனைவிக்குப் பிரசவம் பார்க்கப் போனேன். வீடு நிறையப் பெண்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.