தவிட்டுக்கு வாங்கிய செவரீனாக்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல், நான்காம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வள்ளக்காரர் இராமுப்பிள்ளை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். சோளகக் காற்றில் இரண்டு நாள் கடல் கொந்தளித்து, அன்றுதான் ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளம் வந்திருந்தது. அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்ததைப் பார்த்ததும் நல்ல செய்தி இல்லை என்று விளங்கிவிட்டது.

"சட்டம்பியார், செவரீனா அம்மா போயிட்டா. ஞாயிற்றுக்கிழமை. நேற்று அடக்கமும் முடிஞ்சுதாம்."

கடலில் கத்திப் பழகிய குரல் அது. மெதுவாகச் சொல்ல அவருக்கு வராது. ஐந்தாறு வாங்குப் பலகைகளிலிருந்து சிறுமிகள் ஒரேயடியாக நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் பெயர் செவரீனா. "எந்தச் செவரீனா?" என்று ஒருத்தி கேட்டாள். "பெரிய செவரீனா, பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நெடுந்தீவை அறியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுடையது சைவப் பள்ளிக்கூடம். பிள்ளைகளின் நெற்றியில் திருநீறு, தகப்பன் பெயர் கந்தையா அல்லது வேலுப்பிள்ளை, பிள்ளையின் பெயர் செவரீனா. யாழ்ப்பாணப் பட்டினத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகளில்கூட நான் கேட்டிராத பெயர் இது. இது எப்படி எங்கள் வீடுகளுக்குள் வந்தது என்று சொல்லாமல் அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்ல முடியாது.

செவரீனா அம்மையார் எங்கள் தீவுக்கு அரசாங்க மருத்துவிச்சியாக வந்து இருபது வருடம் இருக்கும். ஊர்காவற்றுறையில் பிறந்தவர், இளவயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. வந்த அன்று நான் இறங்குதுறையில் நின்றேன். வழி முழுக்கச் சத்தி எடுத்து, முகம் வெளுத்து, ஒரு கையில் குடையும் மறு கையில் தோல் பையுமாக இறங்கினார். "எத்தனை வருசம் இருப்பியள்?" என்று யாரோ கேட்டார்கள். "உந்தக் கடலிலை திரும்பிப் போக என்னாலை ஏலாது. இஞ்சைதான் இருப்பன்" என்றார். பதினெட்டு வருடம் இருந்தார்.

முதல் வருடம் அவரை யாரும் கூப்பிடவில்லை. வேதக்காரியை எப்படிப் பிள்ளைப்பெற்ற வீட்டுக்குள் விடுவது என்பது ஒரு பேச்சு. சுடுதண்ணீர், கத்தரிக்கோல், சவர்க்காரம் என்று கட்டளை போடுகிறார் என்பது இன்னொரு பேச்சு. தொப்புளில் சாம்பல் வைக்கக் கூடாது என்று அவர் சொன்னதை ஊர்ப் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த நிலைமையை மாற்றியவர் வள்ளியம்மை என்ற பெண். மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூன்றையும் பத்து நாளுக்குள் பறிகொடுத்தவர். நாலாவது பெண்பிள்ளை பிறந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி அதை விற்றுவிட நினைத்தார். பிள்ளை தங்காத வீடுகளில் இப்படிச் செய்வதுண்டு. வேறு குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு கைப்பிடி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அன்றிலிருந்து பிள்ளை அவளுடையது. பெயர் வைப்பதும் அவள்தான். பெற்றவள் மற்றவளின் பிள்ளையை வளர்ப்பது போல வளர்ப்பாள். தாயிடமிருந்து பிள்ளையைப் பறிக்க வருகிற தீவினை, இது வேறொருத்தியின் பிள்ளை என்று பேசாமல் போய்விடும் என்பது நம்பிக்கை.

ஆனால் மூன்றைத் தின்ற வீடு என்று பயந்து ஊரில் ஒருவரும் வாங்க முன்வரவில்லை. செவரீனா அம்மையார் இதைக் கேள்விப்பட்டுத் தாமாகவே போனார். தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைக் கையில் வாங்கினார். பிறகு சொன்னதை வள்ளியம்மையே எனக்குச் சொல்லியிருக்கிறார்:

"வாங்கியாச்சு. இனி இது என்ரை பிள்ளை. என்ரை பிள்ளையின்ரை தொப்புளிலை ஆரும் கை வைச்சால் எனக்குக் கெட்ட கோவம் வரும். தேனும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். நான் ஒவ்வொரு நாளும் வந்து பாப்பன். பேர் செவரீனா."

பிள்ளை தப்பியது. இப்போது கலியாணம் பேசுகிற வயதில் நிற்கிறது.

அதன் பிறகு விற்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள் என்றே சொல்ல வேண்டும். அம்மையார் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. தம் சொந்தப் பிள்ளைக்குச் சொல்கிற உரிமையோடு ஒவ்வொரு வீட்டிலும் சட்டம் போட்டார். பெற்றவர்கள் வாய் திறக்க வழியில்லை, விற்றவர்கள் அல்லவா? ஊர் வழக்கத்தைக் கொண்டே ஊரை அவர் அடக்கிய கெட்டித்தனத்தை நான் விளங்கிக்கொள்ள வெகுகாலம் எடுத்தது. ஆண்பிள்ளையை விற்றால் சவிரியான், பெண்பிள்ளை என்றால் எப்போதும் செவரீனா.

பெயர் ராசியானது என்று ஒரு கதை கிளம்பியது. பிள்ளையை விற்காதவர்களும் பெயரை மட்டும் இரவல் எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். மேற்குப் பக்கத்தில் ஒருவர் தாய்ப்பசு செத்துத் தப்பிய கன்றுக்குக்கூடச் செவரீனா என்று பெயர் வைத்தார். அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கும் தொப்புளைக் கவனமாப் பாக்கச் சொல்லுங்கோ" என்றார்.

ஆனால் இரவல் பெயர்களைப் பற்றி அவருக்கு உள்ளூரக் கோபம்தான். அப்படிப் பெயர் வைத்த ஒரு வீட்டில், பெயர் காப்பாற்றும் என்று நம்பிப் பழையபடி சாம்பலை வைத்தார்கள். எட்டாம் நாள் பிள்ளைக்குத் தாடை இறுகிவிட்டது. அம்மையாரைக் கூப்பிட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அந்த வீட்டு முற்றத்தில் அவர் குந்தியிருந்ததை நான் பார்த்தேன். "பேரைக் கொண்டு போட்டினம், பேச்சைக் கேக்கேல்லை" என்று இரண்டு தரம் சொன்னார். அன்று அவர் அழுதார். நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த வித்தியாதரிசி, பிள்ளைகளின் பெயர் எழுதும் இடாப்பைப் புரட்டிவிட்டு, "இஞ்சை வேதக்காரப் பிள்ளையள் கனபேரோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கோ மானம் போனது மாதிரி இருந்தது. அடுத்த வருடம் சேர வந்த மூன்று செவரீனாக்களையும் சரஸ்வதி, சிவபாக்கியம், பார்வதி என்று இடாப்பில் எழுதினேன். தாய்மாரிடம் கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் அம்மையார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"சட்டம்பியார், பேரை மாத்திப் போட்டியளாம்."

"சைவப் பிள்ளையளுக்குச் சைவப் பேர்தானே அம்மா முறை."

"முறையோ இல்லையோ எனக்குத் தெரியாது. பேர் மாறினால் நான் வாங்கினது செல்லாது எண்டு சனம் கதைக்குது. நீங்கள் பார்வதி எண்டு எழுதினவளின்ரை தாய்க்கு இது பேறு மாசம். இந்த முறை என்னைக் கூப்பிடமாட்டினமாம். அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நீங்களும் நானும்தான் பதில் சொல்லோணும்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இடாப்பில் எழுதியதை வெட்டக் கூடாது என்று சட்டம் பேசினேன். அவர் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. கூப்பிடாத அந்த வீட்டுக்குக் குடையோடு போய்ப் படலையடியில் நின்று, உள்ளே விடும்வரை நின்று, பிள்ளையைப் பெறுவித்துவிட்டு வந்தார். தாயும் பிள்ளையும் சுகம்.

உலகச் சண்டை நடந்த காலத்தில், பிள்ளை தங்காத அந்தக் கஷ்டம் என் வீட்டுக்கு வந்தது. எங்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டு முறையும் என் தாயார் சொன்னபடி வீட்டு வைத்தியம்தான் பார்த்தோம். அம்மையாரைக் கூப்பிட என் கௌரவம் விடவில்லை. மூன்றாவது பெண்பிள்ளை பிறந்ததும் என் மனைவி தங்கம், "இதை நான் விக்கப்போறன். நீங்கள் குறுக்கை நிக்காதையுங்கோ" என்றாள். அரிசியே கூப்பனுக்கு வந்த காலம், தவிட்டுக்கு ஊரெல்லாம் அலைந்தேன். அம்மையார் வந்து சுளகிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சட்டம்பியார், என்ன பேர் வைப்பம்? நீங்களே சொல்லுங்கோ."

வாங்கியவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். என் தலைக்கனம் அப்போதும் இறங்கியிருக்கவில்லை. "சிவகாமி" என்றேன். "நல்ல பேர்" என்று சொல்லிவிட்டுத் தொப்புளைப் பார்க்கக் குனிந்துவிட்டார். பிள்ளைப்பெற்ற தீட்டுக் கழியும் முப்பத்தொரு நாளும் ஒரு நாள் தவறாமல் வந்தார். என் மகளுக்கு இப்போது ஆறு வயது.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைவரை போனேன். வள்ளத்துக்குக் காத்திருந்த நேரத்தில், இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"பறங்கியற்றை காலத்திலை ஆரோ பாதிரிச் சாமி எங்கடை வீட்டுப் பிள்ளையொண்டுக்கு வைச்சதாம். அதுக்குப் பிறகு ஒரு தலைமுறைக்கு ஒரு செவரீனா. சகோதரன்ரை பெண்பிள்ளைக்கு மாமியின்ரை பேர். எனக்கு என்ரை மாமியின்ரை பேர். என்ரை அண்ணைக்கு எல்லாம் ஆம்பிளைப் பிள்ளையள். என்னோடை முடியுது எண்டு அவர் ஒரே கவலை." சிறிது சிரித்தார். "நெடுந்தீவுக்கு வந்து ஒருக்காக் கூப்பிட்டுப் பார், ஒரு தெருவே திரும்பிப் பாக்கும் எண்டு அவருக்குக் காயிதம் எழுதினனான்."

தம் குலத்துக்கே மிஞ்சியிருந்த ஒன்றை என் வீட்டு வாசலில் பேசாமல் விட்டுக்கொடுத்திருக்கிறார். அதுவும் என் மகள் உயிரோடு இருந்தால் போதும் என்று. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வள்ளம் வெளிக்கிட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவேயில்லை, இனிப் பார்க்கவும் முடியாது.

செய்தி வந்த மறுநாள், புதன்கிழமை காலை, தேவாரத்துக்கு மணி அடித்தது. பதினொரு சிறுமிகளும் நாலைந்து சவிரியான்களும் மண்டபத்துக்குள் வராமல் வெளியே பூவரசடியில் நின்றார்கள். இரவல் பெயர்க்காரர்கள் எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று அதட்டினேன். மூத்தவள் பதில் சொன்னாள்.

"எங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு, சட்டம்பியார். எங்களை வாங்கின தாய் செத்தால் முப்பத்தொரு நாளும் நாங்கள் துடக்குக் காக்கோணுமாம். தேவாரம் பாடக் கூடாதாம்."

நான் பெயர் மாற்றிய மூவரும் அந்த வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, என் மகள்.

"சிவகாமி, நீர் உள்ளை வாரும்" என்றேன்.

"எனக்கும் துடக்கப்பா. என்னையும் வாங்கினவ."

உள்ளே போய் மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னேன். என்னால் பாட முடியவில்லை. தேவாரம் முடிந்ததும் இடாப்பைத் திறந்து நாலு பெயர்களை வெட்டி, நாலு இடத்திலும் செவரீனா என்று எழுதிக் கீழே கையெழுத்து வைத்தேன். வித்தியாதரிசி கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம். பிறகு இடாப்பைத் தூக்கிக்கொண்டு பூவரசடிக்குப் போய், எழுதியிருந்தபடியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கடைசிச் செவரீனா, "ஓம், அப்பா" என்றாள்.

அம்மா, உங்கள் அடக்கத்துக்கு எங்கள் தீவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கடல் விடவில்லை. பிள்ளைகள் இங்கே துடக்குக் காக்கிறார்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.