மைனஸ் விட்டுப்போன கணக்கு

ஃபார்ம் என்றாலே எனக்கு அலர்ஜி. சைக்கிள் ஃபார்ம், பஸ் பாஸ் ஃபார்ம், ஆதார் விவரம்... கடத்தூர் பக்கத்து அரசுப் பள்ளியில் நான் பிசிக்ஸ் டீச்சரா, டேட்டா என்ட்ரி ஆபரேட்டரா? வாரம் ஒருமுறையாவது இந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கப் போனேன். ப்ளஸ் டூ ஸ்டெல்லா வந்து நின்றாள்.

"டீச்சர், அந்த ஃபார்ம்... இன்னிக்கு அஞ்சு மணிதாங்க கடைசி."

சுத்தமாக மறந்திருந்தேன்!

பெங்களூரில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். நுழைவுத் தேர்வில் ஸ்டெல்லா தேறிவிட்டாள். இடம் கிடைத்தால் படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் இலவசம். கிடைக்காவிட்டால்? "அக்காகூட ஓசூர் கம்பெனிக்குப் போயிரு" என்று கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டாராம். பாக்கி இருந்தது ஒரு பரிந்துரை மட்டும் — பாடம் நடத்தும் ஆசிரியர் ஆன்லைனில் எழுத வேண்டியது. என் பெயரைக் கொடுத்திருந்தாள்.

லேப் கம்ப்யூட்டரைப் போட்டேன். முதல் கேள்வி: இந்த மாணவியை எவ்வளவு காலமாகத் தெரியும்? 'இரண்டு ஆண்டுகள்.' சுலபம். அடுத்தது: இவரைப் பற்றி உங்களால் மறக்க முடியாத ஒரு சம்பவம்?

'ஒழுக்கமானவர், பணிவானவர், கடின உழைப்பாளி' என்று தட்டினேன். நன்னடத்தைச் சான்றிதழில் எல்லாருக்கும் எழுதுவோமே, அதே வரி. கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. குறைந்தது நூறு வார்த்தை வேண்டுமாம்.

யோசித்தேன்... யோசித்தேன். மூன்றாவது பெஞ்ச், ஓரம், இரட்டைச் சடை. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அறுபத்திரண்டு பேர் இருக்கும் வகுப்பில் சேட்டை பண்ணுகிறவர்களை நன்றாகத் தெரியும். பேசாமல் இருப்பவளை? வெட்கமாக இருந்தது.

வேறு வழியில்லாமல், பக்கத்தில் நின்றிருந்த அவளையே கேட்டேன். "உன்னப் பத்தி எழுதற மாதிரி கிளாஸ்ல ஏதாச்சும் நடந்துச்சாம்மா?"

ரொம்பவும் தயங்கினாள். பிறகு பையிலிருந்து பிசிக்ஸ் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை நீட்டினாள். மூன்று மாதத்துக்கு முன் நான் போர்டில் போட்ட லென்ஸ் கணக்கு. பக்கத்திலேயே பென்சிலில், பொடி எழுத்தில், அதே கணக்கு — வேறு விடையோடு.

பார்த்தேன். ஒரு மைனஸை விட்டிருக்கிறேன்! வகுப்பே என் தப்பை அப்படியே எழுதி வைத்திருக்கிறது.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க ரொம்ப டயர்டா இருந்தீங்க டீச்சர். சொவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் எழுதுனீங்க. அதாங்க..."

நான் களைத்திருப்பதை என் வீட்டிலேயே யாரும் கவனித்ததில்லை.

இப்போது என்ன செய்வது? 'பணிவானவர்' என்பதையே நூறு வார்த்தைக்கு இழுக்கலாம். அல்லது, இருபது வருஷ சர்வீஸ் போட்ட டீச்சர் லென்ஸ் கணக்கில் கோட்டைவிட்டாள் என்று முகம் தெரியாத ப்ரொஃபசர்களுக்கு நானே எழுதிக் கொடுக்கலாம். கௌரவம் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. ஓசூர் கம்பெனி ஞாபகம் வந்தது.

எழுதினேன். மைனஸ், பென்சில், சுவர் — எல்லாவற்றையும், என் தடுமாற்ற ஆங்கிலத்தில். 'மாணவியின் குறை' என்ற கட்டத்தில், 'தப்பு தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டாள். திறக்கும்படி நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை' என்று போட்டேன். அனுப்பி முடித்தபோது மணி மூன்று. டிபன் பாக்ஸ் மூடியபடியே கிடந்தது.

மறுநாள் அந்தக் கணக்கை வகுப்பில் திருத்திப் போட்டேன். கண்டுபிடித்தது யார் என்றும் சொன்னேன். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

இடம் கிடைக்குமா? மார்ச்சில்தான் தெரியும். நான் எழுதியதில் அவளைப் பற்றிய ஒவ்வொரு வரியும் சத்தியம். என்னைப் பற்றித்தான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்...

அவளை எனக்கு இரண்டு ஆண்டுகளாகத் தெரியுமாம்.