தீக்குச்சி அடைத்த எட்டுத் துளைகள்

ஒவ்வொரு பனிச்சறுக்குப் பலகையிலும் குதிக்கால் படுகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் நான்கு துளைகள். இரண்டுக்கும் சேர்த்து எட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் பசை தோய்த்த தீக்குச்சிகளை நெருக்கி அடித்து, மேலே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டமாகச் சீவி, அதன்மேல் ஒரு பொட்டு வார்னிஷும் யாரோ வைத்திருந்தார்கள். கனடாவின் ஸ்ரௌவ்வில்லில், அத்தானின் கராஜில், சென்ற மாசி மாதக் குளிரில், கையுறையைக் கழற்றிவிட்டு அந்த எட்டுப் பொட்டுகளையும் விரலால் தடவிப் பார்த்தேன். துளைகளைப் போட்டவன் நான். அடைத்தது நானில்லை. அப்படியென்றால் யார், எப்போது? இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். நான் கனடாவுக்கு வந்த முதல் வருடங்களில் ஸ்காபரோவில் அவர்களுடைய அப்பார்ட்மென்ற் சோபாவில்தான் படுத்தேன். அப்போது அவரை ஊரார் அடையாளம் சொன்னது பாய்ச்சலை வைத்துத்தான். கோடையில் பூங்காக்களில் எங்களூர்ச் சங்கங்கள் கரப்பந்துப் போட்டி வைக்கும். பந்து வலைக்கு மேலே எழும்ப, அத்தானும் எழும்புவார். எழும்பினால் மற்றவர்களைப் போல உடனே இறங்கமாட்டார். மேலே போய் ஒரு கணம் நின்று, எங்கே அடிக்கலாம் என்று யோசித்துவிட்டுத்தான் அடிப்பார். அந்தக் கணத்தில் மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரின் பேச்சும் நின்றுபோகும். நான் அந்த மௌனத்தின் மச்சான் என்று பெருமைப்பட்டுத் திரிந்தவன்.

ஓர் இலையுதிர் காலத்தில் மார்க்கம் நகரில், வீட்டுப் பழம்பொருள் விற்கும் ஒரு கராஜ் சேலில் இந்தப் பனிச்சறுக்குப் பலகைகளைக் கண்டோம். அப்போதே பழசு. எங்கள் இருவரையும்விட உயரம், ஒடுங்கலாய், நேராய், முன் நுனி மட்டும் நிமிர்ந்து. கூடவே தோல் சப்பாத்துச் சோடி, முன்பக்கம் வாத்தின் சொண்டு மாதிரி நீண்டது. விற்ற கிழவர் எதையோ நீளமாக விளக்கினார். இங்கிலிசு எங்களுக்குப் பாதிதான் பிடிபட்ட காலம். முழுவதற்கும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தோம். வீட்டில் சப்பாத்தைப் போட்டுப் பலகையில் மாட்டினால், முன்னால் மூன்று முளைகள் சொண்டைக் கவ்விக்கொண்டன. குதிக்கால் மட்டும் கிளம்பிக் கிளம்பி வந்தது.

“கிழவன் உடைஞ்சதை எங்கடை தலையிலை கட்டிப்போட்டான்,” என்றார் அத்தான்.

தொலைக்காட்சியில் மலையிறங்குகிறவர்களுக்கு முன்னும் பின்னும் பூட்டியிருக்கிறதே. இதற்குப் பின்பூட்டு தொலைந்துபோயிற்று என்று இருவரும் ஒருமனதாக முடிவெடுத்தோம். நான் கிச்சின் கபினெட் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பெட்டி மூடிகளை இறுக்கிப் பூட்டும் கொளுக்கிகள் இரண்டு கொண்டுவந்து, கொளுக்கிக்கு நான்கு திருகாணியாக முறுக்கி, குதிக்காலை அசையவிடாமல் பூட்டிக் கொடுத்தேன். குளிர்காலம் வந்து பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கார்ப்பெற்றில் அத்தான் பலகையோடு நின்றார். திரும்ப இடமில்லை. ஒரு நுனி குசினிக்குள், மறு நுனி தொலைக்காட்சிக்குக் கீழே. அக்கா பலகையைக் கடந்து வந்து, நின்றவரின் கையில் தேத்தண்ணியைக் கொடுத்தாள். “உப்பிடியே நில்லுங்கோ, உடுப்பும் காயப்போடலாம்,” என்றாள். நான் திருப்புளியைக் கையில் சுழற்றிக்கொண்டு, ஒரு சத்திரசிகிச்சை நிபுணனைப் போலச் சிரித்தேன்.

மறுநாள் எனக்கு ஓவர்டைம். அத்தான் தனியாக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குப் போனார். பின்னேரம் அக்கா தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தாள். இடது முழங்கால் போயிற்று. பலகை சறுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் அவர் முகத்தைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வேலையை இடையில் விட்டுப் போன காரணத்தை, திங்கட்கிழமை எங்கள் ஃபோர்மன் கேட்டார். பின்லாந்துக்காரர், அதிகம் பேசாதவர். நான் பலகையை வர்ணிக்க, ஒரு காகிதத்தை எடுத்துப் படம் கீறிக் காட்டினார். அதன் பெயர் ரெலிமார்க். குதிக்கால் சும்மா விடப்பட்டிருப்பதுதான் அதன் உயிர். ஒரு காலை முன்னே விட்டு, மறுகாலின் குதியை உயர்த்தி, அரை முழந்தாளில் பணிந்துதான் அதில் திரும்புவார்கள். குதியைப் பூட்டினால் விழும்போது பலகை கழன்று போகாது, கால்தான் போகும் என்றார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். நான் மரம் அறுக்கும் வாளின் இரைச்சலுக்குள் நின்றேன். அன்று அறுத்த பலகைகள் ஒன்றும் அளவுக்கு வரவில்லை.

அதை நான் எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஈடாகப் பனி தள்ளினேன். அத்தான் வீடு வாங்கியபோது, அந்த வீட்டின் ட்ரைவ்வேயை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். அவர்கள் ஸ்ரௌவ்வில்லுக்கும் நான் பிக்கரிங்குக்கும் போன பிறகும், பனி கொட்டிய காலைகளில் முதலில் அவருடைய வாசல், பிறகுதான் என்னுடையது. “உனக்கென்ன விசரே? இஞ்சை மெஷின் நிக்குது,” என்பாள் அக்கா. நான் காது கேட்காதவனாகத் தள்ளிக்கொண்டிருப்பேன். கோடையில் இன்னும் கஷ்டம். மைதானக் கரையில் மடக்குக் கதிரையில், அந்த முழங்காலோடு இனிப் பாய முடியாத அத்தான் இருந்து புள்ளி எழுதுவார். பந்து எழும்பும்போது அவருடைய தோள்கள் மட்டும் ஒரு விரற்கடை எழும்பித் தணியும். அதை நான் பார்ப்பதை அவர் பார்த்துவிடக்கூடாது என்று வேறெங்காவது பார்ப்பேன்.

இந்த வசந்தத்தில் அவர்கள் அடுக்குமாடிக் கொண்டோவுக்கு மாறுகிறார்கள். கராஜை ஒதுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கூரைச் சட்டத்தின்மேல் பழைய படுக்கை விரிப்பில் சுற்றியபடி அந்தப் பலகைகள் கிடந்தன. அந்தச் சுருணை எதுவென்று எனக்கு எப்போதும் தெரியும். அதற்குக் கீழே மண்வெட்டி எடுக்கப் போன ஒரு காலையிலும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது நானே இறக்கி அவிழ்க்க வேண்டியதாயிற்று. சப்பாத்து முடிந்துவிட்டது, தொட்டவுடன் அடித்தோல் வாயைத் திறந்தது. இரும்பு ஓரங்களில் துரு. அடிப்பக்கம் மெழுகு காணாமல் வெளிறி வறண்டிருந்தது. ஆனால் இரண்டையும் அடியோடு அடி சேர்த்து நெருக்கினால், நடு வளைவு என் கைகளைத் திருப்பித் தள்ளியது. உள்ளே மரம் உயிரோடுதான் இருந்தது. பிறகுதான் குதியிடத்தைப் பார்த்தேன். கொளுக்கி இல்லை. எட்டுப் பொட்டுகள்.

“அத்தான், உந்தக் கொளுக்கியை எப்ப கழட்டினீங்கள்?”

“எந்தக் கொளுக்கி? ஓ, உன்ரை பெட்டிக் கொளுக்கியோ. அது அண்டைக்கே கழட்டிப்போட்டன். அந்த மேட்டிலை என்ன லிஃப்றே நிக்குது? நடந்தெல்லோ ஏறவேணும். குதியைப் பூட்டிக்கொண்டு ஒரு அடி ஏறேலாது. காருக்குள்ளை திருப்புளி கிடந்தது. ரெண்டையும் கழட்டி ரூல் பொக்ஸுக்குள்ளை போட்டிட்டன். இப்பவும் கிடக்கும், பார்.”

“அப்ப விழேக்கை கொளுக்கி இல்லையோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் விழுந்தனீங்கள்?”

அத்தான் குசினிக் கதவைப் பார்த்தார். குரலைத் தணித்தார். “மூண்டு தரம் நல்லா வந்தனான், தம்பி. நாலாந்தரம், பிள்ளையள் ஸ்னோவிலை ஒரு திட்டி கட்டி வைச்சிருந்தவை. கண்டவுடனை கால் சும்மா நிக்கேல்லை. பாய்ஞ்சிட்டன். மேலை போனது நல்ல வடிவாப் போனனான். இறங்கினதுதான் பிழைச்சுப்போச்சு. உன்ரை அக்காட்டைச் சொல்லிப்போடாதை. சறுக்கினது எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்.”

காலைக் கட்டிலில் நீட்டிவைத்திருந்த அந்த வசந்தத்தில்தான் துளைகளை அடைத்தாராம். ஈரம் உள்ளே போனால் மரம் ஊதி, தட்டுகள் பிரிந்துவிடுமே என்று. இனித் தொடமாட்டேன் என்று தெரிந்த ஒன்றை இவ்வளவு கவனமாக எவர் அடைப்பார்?

நான் தலைகீழாக வைத்த பெயின்ற் வாளியின்மேல் குந்தினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோர்மன் கீறிய படம், ஓவர்டைம், வாள், பனி. அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அப்ப இவ்வளவு காலமும் நீ என்ரை ஸ்னோ தள்ளினது பாவத்துக்கோ? நான் பாசம் எண்டல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்.”

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. நெஞ்சுக்குள் எட்டு ஆணிகளும் ஒவ்வொன்றாகச் சுழன்று மேலே வருகிற மாதிரி இருந்தது. அவரும் சிரித்தார். அந்தச் சத்தத்தில் குசினிக் கதவு திறந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

“பாய்ஞ்சனீங்களோ?” என்றாள் அக்கா. “நான் உந்த முழங்காலுக்குப் பூசின எண்ணெயிலை ஒரு கப்பல் ஓடும். பாய்ஞ்சனீங்களோ?”

அன்று அத்தானுக்குத் தேத்தண்ணி வரவில்லை. எனக்கு வந்தது.

துருவைத் தேய்த்தெடுத்தேன். அடிக்கு மெழுகை உருக்கி ஊற்றினேன். மூன்று முளைக்குப் பொருந்தும் பழைய சப்பாத்துச் சோடி ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்தேன். பங்குனியின் கடைசிப் பனி கொட்டிய ஞாயிறு காலை, ட்ரைவ்வேயைத் தள்ளி முடித்தபின், அவர்கள் தெருவுக்குப் பின்னால் குளத்தில் இறங்கும் சரிவுக்குப் போனோம். பனி தள்ளியது இந்தத் தடவை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மடக்குக் கதிரையைப் பாதையோரம் விரித்துப் போட்டுக்கொண்டு இருந்தார். கழுத்தில் அக்காவின் சால்வை. அக்கா மன்னித்துவிட்டாள், அல்லது சால்வையை மட்டும் இரவல் கொடுத்திருந்தாள்.

நான் விழ விழப் புள்ளி சொன்னார். “ஸ்னோ ஒண்டு, நீ பூச்சியம்.” “ஸ்னோ ரெண்டு.” “மூண்டு. எழும்பு, எழும்பு.” நாலாந்தரம், எப்படியென்று தெரியாது, இடது கால் தானாக முன்னே போயிற்று, வலது குதி தானாக உயர்ந்தது, நான் அரை முழந்தாளில் பணிந்தேன், அந்த நீண்ட கிழட்டுப் பலகைகள் முனகாமல் வளைந்து என்னைச் சுற்றிக் கொண்டுவந்தன. ஒரேயொரு திருப்பம். அது முடியும்வரை கதிரையிலிருந்து சத்தமில்லை. பழைய மைதானத்து மௌனம் அது, எனக்குத் தெரியும். அவருடைய தோள்கள் எழும்பித் தணிந்தன. இந்தமுறை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

“ஒண்டு,” என்றார்.

பலகைகளைக் கழற்றி வெயிலில் சாய்த்து வைத்தேன். குதியிடத்தில் ஒட்டியிருந்த பனி உருகியது. எட்டுப் பொட்டுகளின்மேல் எட்டுத் துளி நீர் திரண்டு நின்றது. உள்ளே இறங்கவில்லை.