சாமி மேடைக்கு ஒரு சாண் கீழே

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அது ஒரு காரணம். இதில் வரும் கடைசி வீட்டு அண்ணனை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்ற பயம்தான் பெரிய காரணம். இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார். அம்மனைக் கும்பிட்டு ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில், ஆற்றை ஒட்டிய சந்தில் இருக்கிறது. ஒரே வரிசையாகத் தரைவீடுகள். கடைசி வீடு அண்ணனுடையது. அதைத் தாண்டினால் பள்ளமான காலி நிலம். மலையில் கனத்த மழை பெய்தால் ஆறு முதலில் அந்த நிலத்தில்தான் ஏறும். அது நிரம்பிய பிறகுதான் எங்களிடம் வரும்.

என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து முன்கூடத்தில் கட்டிலோடு இருக்கிறார். கடைசிப் பெரிய வெள்ளத்தில் தண்ணீர் கட்டிலை மூடியது. நான் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அண்ணன்தான் மார்பளவுத் தண்ணீரில் வந்து, அவரை முதுகில் போட்டுக்கொண்டு மேட்டு ரோட்டுக்குக் கொண்டுபோனார். அந்த உதவியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பிறகு ஒரு நாள், அந்தப் பள்ள நிலத்தை மண் போட்டு உயர்த்தி, கீழே கடையும் மேலே வீடுமாகக் கடைவீடு கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. அரசாங்க ஆட்கள் திருத்திய வெள்ள வரைபடத்தைச் சமூக மண்டபத்தில் ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஆற்றின் அக்கரையெல்லாம் நீலம். எங்கள் சந்தும் அந்த நிலமும் வெள்ளை. வெள்ளை என்றால் தண்ணீர் வராத இடம், மண் கொட்டத் தடையில்லை. மண் கொட்டிவிட்டால் அங்கே தங்குகிற தண்ணீரும் சேர்ந்து எங்கள் வீட்டுக்குத்தான் வரும். கட்டிலை மூடியது அடுத்த தடவை எதுவரை ஏறும்? இந்த வெள்ளையை நீலமாக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

வரைபட வேலைக்கு வந்த மலாய்ப் பெண் பொறுமையானவள். என்னை மக்சிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவாள். வெள்ளத்தின்போது சந்தில் எடுத்த போட்டோக்களை அவளிடம் காட்டினேன். "மக்சிக், உங்க போட்டோல தண்ணி தெரியுது, உயரம் தெரியலையே. வெள்ளத்துக்கு அப்புறம் எங்க ஆளுங்க சுவர்ல கறை பார்க்க வந்தாங்க. உங்க சந்துல ஒரு கறையும் இல்ல" என்று மலாயில் சொன்னாள்.

எப்படி இருக்கும்? சேறு பட்ட சுவருக்குப் பக்கத்தில் விளக்கேற்ற யாருக்கு மனசு வரும்? தண்ணீர் வடிந்த கையோடு சந்து முழுக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, புதுச் சாயமும் அடித்துவிட்டோம். அவர்கள் வந்தபோது ஒவ்வொரு வீடும் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று இருந்திருக்கும்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம்.

"ஒனக்கு ஏன் தங்கச்சி இந்த வேலை? நீலம் அடிச்சா என் வீட்ட எவன் வாங்குவான்? வித்துட்டு மகன்கிட்ட ஜொகூர் போகணும்னு இருக்கேன்லா!"

"அண்ணே, மண்ண கொட்டிட்டா அடுத்த தடவை தண்ணி ஒங்க தலைக்கு மேல போகும். அவர எப்படித் தூக்குவீங்க?"

"அடுத்த தடவை நான் இங்க இருந்தாத்தானே!" என்று கேட்டைப் படாரென்று சாத்தினார்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்ற எட்டிக் கையை நீட்டினேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்தே ஏற்றுவேன். வெள்ளத்தில் படமும் விளக்கும் நனைந்த பிறகு, இனி அம்மன் காலில் சேறு படக் கூடாது என்று, கறைக்கு ஒரு சாண் மேலே பலகை அடிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கறையைக் கழுவினேன்.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, ஒங்க மேடை எந்தக் கணக்குல அடிச்சீங்க?" "தண்ணி வந்ததுக்கு ஒரு சாண் மேல. ஏன், சாமி ஏதாச்சும் சொல்லிச்சா?" என்று சிரித்தார். அடுத்த வீட்டிலும் அதே பதில். யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மலாய்ப் பெண் அளவுக் கருவியோடு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மேடைக்குப் பக்கத்தில் கோலை வைக்கலாமா என்று கேட்டு அனுமதி வாங்கித்தான் வைத்தாள். சிலர் தரையை உயர்த்தியிருந்ததால் வீட்டுக்குள் பார்த்தால் ஒவ்வொரு மேடையும் ஒவ்வொரு உயரம். கருவி வைத்துப் பார்த்தால், இரண்டு விரல் முன்னே பின்னே, எல்லாம் ஒரே மட்டம். அவள் முகம் மலர்ந்தது. ஆனால், "கடைசி வீட்டு அளவு இல்லாம இந்தக் கோட்ட நிலத்தோட சேர்க்க முடியாது மக்சிக்" என்றாள்.

அண்ணன் வீட்டில் மேடையே இல்லை. வீட்டை விற்கக் கழற்றி, ஆணி ஓட்டைகளை அடைத்துச் சாயம் அடித்திருந்தார். கோயில் பிரசாதம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

"நீங்க தாராளமா போங்கண்ணே. நீங்க போன பிறகு அவர முதுகுல போட்டுக்க யாரும் இல்ல. அதுக்குத்தான் இத்தனையும்."

அவர் பிரசாதத்தை வாங்கிக்கொண்டார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் கேட் திறந்திருந்தது. அண்ணன் திருப்புளியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அடைத்த ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "இங்கதான் அடிச்சிருந்தேன். ஒரு சாண் கீழ அளந்துக்கச் சொல்லு" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

ஆட்சேபத்தை விசாரித்து, அளவைச் சரிபார்த்து, வரைபடத்தைத் திருத்தினார்கள். சந்தும் நிலமும் நீலமாயின. அந்த நிலத்தில் மண் கொட்டக் கூடாது, சந்தில் புதிதாகக் கட்டினால் தரை அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று விதியும் வந்தது. தண்ணீர் இனிமேலும் வரும். நிலம் தாங்குகிற பங்கை நிலம் தாங்கிக்கொள்ளும்.

அண்ணன் வீட்டை வாங்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார். "என்னை ஜொகூர் போக விடலையேலா நீ" என்று இன்றும் கிண்டல் செய்வார். பழைய ஓட்டைகளிலேயே மேடையைத் திரும்ப மாட்டிவிட்டார். நான் எழுதத் தயங்குவதைக் கேட்டு, "எழுது. நான் கத்தினதையும் எழுது, கேட்ட சாத்தினதையும் எழுது. விட்டுட்டா அது பொய்யாயிடும்" என்றார்.

அதனால் ஆற்றோரம் குடியிருக்கிற உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வீடு கழுவும் முன் சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அம்மன் கோபிக்கமாட்டாள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அண்ணனை நல்லவராக்கவும் வேண்டாம், கெட்டவராக்கவும் வேண்டாம். தண்ணீரையும் ஏற்றிச் சொல்ல வேண்டாம், இறக்கியும் சொல்ல வேண்டாம். மேடைக்கு ஒரு சாண் கீழே, அவ்வளவுதான்.